எந்த நிறத்துக்கு அஞ்சுவது?

பிள்ளை பெற்ற வீட்டுக்கு வருகிறவர்கள் தொட்டிலை எட்டிப் பார்த்த கையோடு தாயிடம் கேட்கும் முதற்கேள்வி, "பால் பத்துகிறதா?" என்பதாகவே பெரும்பாலும் இருக்கிறது. புட்டியில் உள்ள அளவுக்கோடு மார்பில் இல்லாமையால், அந்தக் கேள்விக்குக் கண்ணால் பார்த்துப் பதில் சொல்ல ஒருவராலும் முடிவதில்லை. ஆகவே குழந்தை அழுவதையும், மார்பு தளர்ந்திருப்பதையும், பக்கத்து வீட்டாரின் அபிப்பிராயத்தையும் பிரமாணமாகக் கொண்டு, பால் குறைவு என்று காலையில் தீர்ப்பெழுதி மாலைக்குள் மாப்பால் டப்பாவை வாங்கி வந்துவிடும் குடும்பங்கள் அநேகம். மாப்பால் விளம்பரத்தை 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது; திண்ணைப் பேச்சைத் தடுக்கும் சட்டம் எங்கே இருக்கிறது? ஆனால் இந்த விசாரணையில் பொய் சொல்லத் தெரியாத சாட்சி ஒன்று வீட்டுக் கொல்லையிலேயே, கொடியில் உலரும் பழைய வேட்டித் துணிகளின் வடிவில் இருக்கிறது. அதைக் கூப்பிட்டு விசாரிப்பார்தாம் இல்லை.

மலஜலத்தைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுவதா என்று முகம் சுளிப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ளலாம். மியூனிக் நகரத்துக் குழந்தை வைத்தியரான தியோடர் எஷெரிக், இன்று உலகத்து ஆய்வுக்கூடங்களிலெல்லாம் தம்முடைய பெயரைத் தாங்கி வாழும் குடற்கிருமியை 1885-இல் கண்டறிந்து வெளியிட்டது, பச்சிளங் குழந்தைகளின் துணியில் கிடைத்ததை ஆராய்ந்துதான். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் குடலில் வாசம் செய்து நன்மை புரியும் பிஃபிடோ நுண்ணுயிர்களைப் பாரிஸ் பாஸ்டர் நிலையத்து ஹென்றி திசியே பிற்பாடு கண்டெடுத்ததும் அதே இடத்தில்தான். பண்டிதர்கள் கூசாத இடத்தில் பெற்றோர் கூசுவானேன்?

பிறந்த முதல் இரண்டு நாட்களில் துணியில் படுவது, நம் பாட்டிமார் காட்டுப்பீ என்று வழங்கிவந்த, கருமையும் பசுமையும் கலந்த பிசுக்கு. கர்ப்பவாச காலத்தில் சிசு விழுங்கிய பனிக்குட நீரின் எச்சமும், பித்தமும், குடலின் உட்சுவரிலிருந்து உதிர்ந்த அணுக்களும், உடலை மூடியிருந்த பூனைமயிரும் திரண்டு உண்டான அது, வெந்நீரில் நனைத்த பஞ்சால் ஒற்றினாலும் லேசில் விடாது. ஆனால் நாற்றம் என்று சொல்லத்தக்க நாற்றம் அதற்கு இல்லை. பெரும்பாலான குழந்தைகள் முதல் 24 மணி நேரத்துக்குள்ளும், ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுமே 48 மணி நேரத்துக்குள்ளும் அதைக் கழித்துவிடுகின்றன. கழிக்காத குழந்தையை வைத்தியர் பார்த்தாக வேண்டும். அதை வெளியே தள்ளுவதற்கென்றே இயற்கை அமைத்த மருந்து சீம்பால். அந்தச் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ நாக்கில் தடவுகிற சேனைச் சடங்கு, மங்கலமான எண்ணத்தோடு செய்யப்படும் ஓர் அமங்கலம் என்றே நான் கருதுகிறேன். காட்டுப்பீயில் பித்தநிறமி மிகுதியாக இருப்பதால், அது குடலில் தங்கத் தங்க நிறமி ரத்தத்துக்குத் திரும்பி மஞ்சட்காமாலையை வளர்க்கும். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்தோ, ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் முளைத்துத் தசைகளைத் தளர்த்தும் நஞ்சைச் சுரக்க வல்லது.

மூன்றாம் நாள் வாக்கில் கருமை விலகிப் பழுப்பும் பச்சையுமாகி, நான்காம் ஐந்தாம் நாளில் அரைத்த கடுகின் மஞ்சள் நிறம் வந்துவிடுமானால், பால் இறங்கிவிட்டது, குழந்தை குடிக்கிறது, குடித்தது ஜீரணமாகிறது என்ற மூன்று செய்திகளும் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்துவிட்டன என்று தாய் நிம்மதி அடையலாம். இளக்கமாகவும், சிறுசிறு திப்பிகளோடும், லேசான புளித்த வாசனையோடும் இருக்கும் அதைக் கண்டுதான் நம் வீடுகளில் முதற்பீதி ஆரம்பமாகிறது. நாளொன்றுக்கு மூன்று நான்கு தடவை போவது அந்த வயதுக்கு நியாயமான கணக்கு. வயிற்றில் பால் விழுந்ததும் குடல் அசையும் சுபாவத்தால், குடித்த ஒவ்வொரு தடவையும் போகிற குழந்தைகளும் உண்டு. "பேதியாகிறது, மாந்தம் தட்டிவிட்டது, உரம் விழுந்திருக்கிறது" என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டு, வசம்பையும் ஜாதிக்காயையும் கல்லில் உரைத்து ஊற்றுவதற்குள், அந்தக் குழந்தையின் எடை ஏறுகிறதா என்று தராசில் பார்ப்பவர் அரிது. பிறந்தவுடன் சற்றுக் குறைகிற எடை, பத்திலிருந்து பதினான்கு நாட்களுக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும்; வந்துவிட்டதென்றால், எத்தனை துணி நனைந்தாலும் அது பேதி ஆகாது. வழக்கத்துக்கு மாறாகத் திடீரென்று தண்ணீராய்ப் பீறிட்டு, சளியோ ரத்தமோ கலந்து, குழந்தையும் வாடிப் பாலை மறுத்தால்தான் அது பேதி. அப்போதுங்கூட நிறுத்தக் கூடாதது தாய்ப்பால்.

ஆறு வாரம் கடந்ததும் இதே நாடகத்தின் மறுபாகம் தொடங்கும். தினம் நாலு தடவை போய்க்கொண்டிருந்த பிள்ளை, இரண்டு நாளைக்கு ஒரு தடவை, நாலு நாளைக்கு ஒரு தடவை என்று குறைந்து, வாரத்துக்கு ஒரு முறை மட்டும் தாராளமாகப் போகவும் கூடும். தாய்ப்பாலில் கழிவாக மிஞ்சுவது மிகச் சொற்பம் என்பதும், குடல் பக்குவப்பட்டுவிட்டது என்பதுமே இதற்குக் காரணம். முந்தின மாதம் பேதி என்று கலங்கிய அதே வீட்டார் இந்த மாதம் மலச்சிக்கல் என்று கலங்கி, வெற்றிலைக் காம்பை எண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் செருகுவதும், சோப்புச் சீவலைத் தேடுவதும், விளக்கெண்ணெயைப் புகட்டுவதும் கண்கொண்டு பார்க்கச் சகியாதவை. குழந்தை முக்கி முனகி முகம் சிவப்பது சிக்கலுக்கு அடையாளமல்ல. வந்தது இளகலாக இருக்கிறதா, புழுக்கையாக இருக்கிறதா என்பதே கேள்வி. ஆனால் இந்தச் சலுகை முதல் மாதத்துக்குக் கிடையாது. அந்த மாதத்தில் ஒரு நாள் முழுதும் துணி வெறுமையாக இருந்தால், பால் போதிய அளவு உள்ளே போகவில்லையோ என்று சந்தேகித்து, குழந்தை மார்பைப் பற்றும் விதத்தைச் செவிலியரிடம் காட்டுவதே விவேகம்.

பச்சை நிறத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு கெட்ட பெயர் ஏற்பட்டதென்று தெரியவில்லை. குழந்தை சுகமாக இருக்கையில் நடுநடுவே பச்சையாகப் போவதில் தோஷம் ஒன்றும் இல்லை. எந்நேரமும் நுரைத்துப் பச்சையாகவே போனால், பால் அதிகம் சுரக்கும் தாய் ஒரு பக்கத்தைக் குழந்தை குடித்து முடிப்பதற்குள் மறு பக்கத்துக்கு மாற்றிவிடுகிறாளோ என்று கவனிக்கலாம். அதை விட்டுவிட்டு, "நீ மாம்பழம் தின்றாய், அதனால்தான்" என்று பச்சை உடம்புக்காரியைக் கூண்டில் ஏற்றி, ரசமும் சோறுமாகப் பத்தியத்தை இறுக்கி, குடிக்கும் தண்ணீரையும் குறைக்கும் வீடுகளில் பாதிப்படைவது யார்? 1851-இல் நாட்டிங்காமில் வில்லியம் உட்வர்ட் என்பவர் சதுப்புநிலக் காய்ச்சல் மருந்தைத் தழுவி ஆக்கியதும், நெடுங்காலம் சாராயம் கலந்து விற்கப்பட்டதுமான கிரைப் வாட்டர் நம் அலமாரிகளில் இன்னும் சிம்மாசனம் போட்டு அமர்ந்திருப்பதற்கு, இந்த அநாவசிய அச்சமே முதற்காரணம்.

பாட்டிமாரின் அநுபவத்தை இகழ்வது என் நோக்கமன்று. துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கும் பழக்கமே அவர்களுடையது. அந்தப் பழக்கத்தை விழுங்கியது டயபர். முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு என்று ஏறி, ஐந்தாம் நாளுக்குப் பிறகு தினம் ஆறு தடவையேனும் வெளிறிய மூத்திரத்தால் துணி நனைய வேண்டும் என்பது பால் போதுவதற்கு மிக எளிய கணக்கு. மூத்திரத்தை உறிஞ்சி, உலர்ந்ததாகவே நடித்துக் காட்டும் டயபரில் இந்தக் கணக்கு தப்பிவிடுகிறது. வசதியை வேண்டாமென்று சொல்ல நான் யார்? முதல் இரண்டு வாரம் பகலில் மட்டுமாவது துணி கட்டுங்கள் என்பதே என் விண்ணப்பம். செங்கல்தூள் நிறத்தில் ஒரு பொடி முதல் இரண்டு மூன்று நாள் படிந்தால் அஞ்ச வேண்டாம்; ஐந்தாம் நாளும் அது தென்பட்டால் பால் போதவில்லை என்று பொருள். பெண் குழந்தைக்கு முதல் வாரத்தில் காணும் சொட்டு ரத்தமும், தாயின் ஹார்மோன் விலகுவதால் நேர்வதே.

இப்படி அஞ்ச வேண்டாத மஞ்சளுக்கும் பச்சைக்கும் அஞ்சி நடுங்கும் நாம், அஞ்சியே தீர வேண்டிய ஒரு நிறத்தைக் கண்டு மட்டும் அசையாமல் இருக்கிறோம். அது வெளுப்பு. ஈரல் சுரக்கும் பித்தம் குடலுக்கு வந்து சேரும் நாளங்கள் அடைபட்டுப்போகும் வியாதி ஆயிரக்கணக்கான குழந்தைகளில் ஒன்றுக்கு நேர்கிறது. அந்தக் குழந்தையின் மலம், நிறம் கொடுக்கும் பித்தத்தை இழந்து, சுண்ணாம்பு போலவோ வெளிறிய களிமண் போலவோ ஆகிவிடுகிறது. நிறமற்றிருக்க வேண்டிய மூத்திரம் துணியில் மஞ்சட்கறை போடுகிறது. ஆனால் குழந்தை ஆரம்பத்தில் நன்றாகக் குடிக்கிறது, சிரிக்கிறது, தூங்குகிறது. பால் குடிக்கிற பிள்ளைக்குப் பால்நிறமாகப் போவதில் என்ன அதிசயம் என்று தோன்றிவிடுகிறது. கண்ணில் மஞ்சள் தெரிந்தாலும், இளவெயிலில் காட்டினால் போய்விடும் என்று வாரங்கள் கழிகின்றன. ஜப்பானிய வைத்தியர் மோரியோ கசாய் வகுத்த சத்திரசிகிச்சை, பிறந்து 60 நாட்களுக்குள் செய்யப்பட்டால் நற்பலன் தரும் வாய்ப்பு அதிகம். தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் ஈரலைத் தழும்பாக்கிக்கொண்டே போகிறது.

இதற்குத் தைவான் கண்ட பரிகாரம் விலையுயர்ந்த இயந்திரம் எதுவுமன்று; மலத்தின் நிறங்களைப் படமாக அச்சிட்ட ஒரு சிறு அட்டை. 2002-இல் சோதனையாகத் தொடங்கி, 2004-இல் நாடெங்கும் தாய்மாரின் கையில் கொடுத்தார்கள். குறித்த காலத்துக்குள் சிகிச்சை பெறும் குழந்தைகளின் விகிதம் உயர்ந்தது. ஜப்பானும் 2012 முதல் தன் தாய் சேய் கையேட்டிலேயே அத்தகைய அட்டையைச் சேர்த்தது. கிராம சுகாதாரச் செவிலியர்கள் பிரசவித்த வீட்டுக்கே நடந்து சென்று விசாரிக்கும் ஏற்பாட்டை நெடுங்காலமாக நடத்திவரும் தமிழ்நாட்டில், அந்த வருகையின்போது ஒவ்வொரு வீட்டிலும் நிற அட்டையை விரித்து வைத்து, "இன்று போனது இதில் எந்த நிறம்?" என்று பாட்டியையும் தாயையும் சேர்த்து உட்கார வைத்துக் கேட்பது வழக்கமாகிவிட வேண்டும் என்பதே நான் சொல்ல வந்த விஷயம். தடுப்பூசிக்கு ஆறாம் வாரம் வரும்போதும் அதே கேள்வியை மறுமுறை கேட்கலாம். 60 நாள் கெடுவுக்கு அப்போதும் கொஞ்சம் அவகாசம் இருக்கும்.

வெளுப்பைக் கண்ட வீட்டார் செய்ய வேண்டியது, துணியை அலசிவிடாமல் பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, முடிந்தால் துணியையும் கையோடு கொண்டு, அன்றைக்கே குழந்தை வைத்தியரிடம் போவது. பதினான்கு நாளுக்கு மேல் மஞ்சட்காமாலை நீடிக்கும் எந்தக் குழந்தைக்கும், பித்தநிறமியாகிய பிலிருபினின் மொத்த அளவோடு நின்றுவிடாமல் நேரடி பிலிருபினையும் பிரித்துக் காட்டும் ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்கிக்கொள்வதற்குப் பெற்றோர் தயங்க வேண்டியதில்லை.