உங்க போனை ‘செட்’ பண்ணிக் கொடுத்தது யாரு?

இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். கல்வராயன் மலையில் ஏதோ ஒரு சின்ன ஊர். வீட்டுக்காரர் குடகு காபித் தோட்ட வேலைக்குக் கிளம்புகிறார். போவதற்கு முன்பு கள்ளக்குறிச்சிக்குப் போய் ஒரு ஆண்ட்ராய்டு போன் வாங்கி, எல்லாவற்றையும் அவரே ‘செட்’ பண்ணி மனைவி கையில் கொடுக்கிறார். ரெண்டு மாதம் கழித்து ஒருநாள் மதியம் அவரிடமிருந்து போன்: “இப்ப வெள்ளிமலையில என்ன பண்ற?”

அவள் வெள்ளிமலைக்கு வந்ததை யாரிடமும் சொல்லவில்லை. பேங்க் வேலையாகத்தான் வந்தாள். “இவருக்கு எப்படித் தெரிஞ்சது?” என்று கையில் இருக்கும் போனையே வெறித்துப் பார்க்கிறாள்.

இந்தக் கதையில் ஹேக்கர் யாரும் கிடையாது. அந்த போனில் இருக்கும் கூகுள் அக்கவுன்ட் அவருடையது. பாஸ்வேர்டு அவருக்கு மட்டும்தான் தெரியும். தொலைந்த போனைக் கண்டுபிடிக்க கூகுள் கொடுத்திருக்கும் வசதியை அவர் தன் போனில் திறந்தால், மனைவியின் போன் எங்கே இருக்கிறது என்று மேப்பில் தெரியும். அவள் எடுக்கும் போட்டோக்கள், சேமிக்கும் நம்பர்கள் எல்லாம்கூட அதே அக்கவுன்டில் போய்ச் சேரும். தனியாக உளவு ஆப் எதற்கு?

போன் உளவு என்றாலே நம் நினைவுக்கு வருவது பெகாசஸ். 2021 ஜூலையில் வெளியான பட்டியலில் தமிழகத்தைச் சேர்ந்த திருமுருகன் காந்தியின் பெயரும் அடிபட்டது. உச்ச நீதிமன்றம் அமைத்த தொழில்நுட்பக் குழு 29 போன்களைப் பரிசோதித்தது. அதில் 5 போன்களில் தீய மென்பொருள் இருந்தது, ஆனால் அது பெகாசஸ்தான் என்பதற்கு முடிவான ஆதாரம் இல்லை என்று 2022 ஆகஸ்டில் விஷயம் நின்றது. பெரிய ஆபத்துதான், மறுக்கவில்லை. ஆனால், அது கோடிக்கணக்கில் செலவு செய்து அரசாங்கங்கள் வாங்கும் கருவி. பத்திரிகையாளர், வழக்கறிஞர், போராட்டக்காரர் என்றால் ஐபோனில் ‘லாக்டவுன் மோட்’ போட்டுக்கொள்ளுங்கள், அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். மற்றவர்கள் பயப்பட வேண்டியது அந்த போனை முதன்முதலில் பிரித்து, ஆன் செய்து கொடுத்த கையைப் பற்றி.

அந்தக் கை கணவருடையதாக மட்டும் இருக்க வேண்டும் என்பதில்லை. அண்ணன், மாமா பையன், செல்போன் கடைத் தம்பி... “அக்கா, ஜிமெயில் இல்லையா? நான் ஒண்ணு போட்டுத் தர்றேன்” என்று கடையிலேயே அக்கவுன்ட் உருவாகிவிடுகிறது. பாஸ்வேர்டு என்னவென்று அக்காவுக்குத் தெரியாது, தம்பிக்குத் தெரியும். பெரும்பாலும் அவர் நல்லெண்ணத்தில்தான் செய்திருப்பார். இருந்தாலும், சாவி அவரிடமும் இருக்கிறது என்பது மாறாது.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். செட்டிங்ஸில் ‘கூகுள்’ என்று இருக்கும் இடத்தைத் தொடுங்கள். மேலே வரும் மெயில் முகவரி உங்களுடையதா? உங்களுடையதுதான் என்றால், செக்யூரிட்டி பகுதிக்குள் ‘உங்கள் சாதனங்கள்’ என்ற பட்டியல் இருக்கும். உங்களுக்குச் சம்பந்தமில்லாத போனோ கம்ப்யூட்டரோ அதில் இருந்தால், யாரோ உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். அப்படியே கூகுள் மேப்பைத் திறந்து, யாருக்காவது உங்கள் லொகேஷன் போய்க்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது வாட்ஸ்அப். மூன்று புள்ளியைத் தொட்டால் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ வரும். நீங்கள் குளிக்கப் போன நேரத்தில் உங்கள் போனை எடுத்து, ஒரு க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் போதும், உங்கள் சாட் முழுக்க இன்னொரு ஸ்கிரீனில் ஓடும். ‘என் போன் ஹேக் ஆயிடுச்சு’ என்ற சந்தேகம் வந்தால் பார்க்க வேண்டிய முதல் இடங்களில் இது ஒன்று. தெரியாத சாதனம் இருந்தால் அங்கேயே வெளியேற்றலாம். (அவசரப்பட வேண்டாம், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.)

உளவு ஆப்கள் இல்லாமலும் இல்லை. ‘பிள்ளைகளைக் கண்காணிக்க’ என்ற பெயரில் விற்கிறார்கள். போன் சில நிமிடம் கையில் கிடைத்தால் போட்டுவிடலாம். ஐகான் மறைந்துவிடும், ‘சிஸ்டம் சர்வீஸ்’ மாதிரி அலுப்பூட்டும் பெயரில் உள்ளே உட்கார்ந்திருக்கும். மலையில் சிக்னல் இல்லையே, எப்படிப் போகும் என்று கேட்காதீர்கள். இந்த மாதிரி ஆப்கள் போனிலேயே சேர்த்துவைத்து, சிக்னல் கிடைத்ததும் மொத்தமாக அனுப்பக்கூடியவை. இதற்கு மூன்று இடங்களைப் பாருங்கள். ப்ளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டால் வரும் ‘ப்ளே ப்ரொடெக்ட்’ அணைந்திருக்கிறதா? நீங்கள் அணைக்கவில்லை என்றால் வேறு யார் அணைத்தது? செட்டிங்ஸில் ‘அக்சஸிபிலிட்டி’க்குள் தெரியாத ஆப் எதற்காவது அனுமதி இருக்கிறதா? ‘டிவைஸ் அட்மின்’ பட்டியலில் புதுப் பெயர் இருக்கிறதா?

இந்த ஆப்களை வாங்குகிறவர்களுக்கும் ஒரு செய்தி. ஸ்பைஃபோன் என்ற நிறுவனம் கண்காணிப்புத் தொழிலே செய்யக் கூடாது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2021-ல் தடைபோட்டது. 2025 பிப்ரவரியில் கோகோஸ்பை, ஸ்பைக் என்ற இரண்டு உளவு ஆப்களின் தகவல்கள் கசிந்தன. உளவு பார்க்கப்பட்டவர்களின் மெசேஜ், போட்டோவோடு, காசு கட்டி வேவு பார்த்தவர்களின் மெயில் முகவரிகளும் சேர்ந்தே வெளியே வந்தன.

வாட்ஸ்அப்பில் ‘பி.எம். கிசான்’ என்றோ, கல்யாணப் பத்திரிகை என்றோ ‘ஏ.பி.கே’ ஃபைல் வந்தால் தொடாதீர்கள். அது பணத்துக்காக வரும் உளவு ஆப். பத்திரிகை போட்டோவாகவோ பி.டி.எஃப்-ஆகவோதான் வரும், ஆப்பாக வராது.

சரி, டிராக்கர் விஷயத்துக்கு வருவோம். பை ஓரத்தில் போட்டால் தெரியாத அளவுக்கு, பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வில்லைகள். ஆப்பிள் ஏர்டேக் 2021-ல் வந்தது. ஆண்ட்ராய்டில் வேலை செய்கிற ஜியோ டேக் கோ 2024 டிசம்பரில் 1,499 ரூபாய்க்கு வந்தது. இவற்றுக்குள் சிம் கிடையாது, ஜி.பி.எஸ் கிடையாது. பக்கத்தில் போகிறவர்களின் போன் வழியாகத்தான் இடத்தைச் சொல்லும். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஆயிரம் போன் நடமாடுகிறது, அங்கே கச்சிதமாகக் காட்டிக்கொடுத்துவிடும். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறி, நாலு வீடு இருக்கும் ஊருக்குப் போய்விட்டால் ஏர்டேகுக்கு ஐபோன் தேட வேண்டும். கூகுள் நெட்வொர்க்கும், யாரும் அமைப்பை மாற்றாதவரை, ஆள் நடமாட்டம் அதிகம் உள்ள இடங்களில்தான் வேலை செய்யும். மலைக்கு மேலே இருப்பவர்களுக்கு இது ஒரு பாதுகாப்பு. ஆனால், சந்தைக்கோ ஆஸ்பத்திரிக்கோ கீழே இறங்கினால் அது போய்விடும்.

தெரியாத டேக் ஒன்று உங்களோடு பயணம் செய்தால் போனே எச்சரிக்கும். ஆண்ட்ராய்டில் 2023 ஜூலையிலிருந்து இருக்கிறது. 2024 மே மாதம் ஆப்பிளும் கூகுளும் கைகோத்து, இரு தரப்பு போன்களிலும் பொதுவாக வேலை செய்கிற மாதிரி ஆக்கினார்கள். செட்டிங்ஸில் ‘சேஃப்டி அண்ட் எமர்ஜென்சி’க்குள் போய், நீங்களே ஸ்கேன் செய்தும் பார்க்கலாம். ஏர்டேக் கிடைத்தால் உடனே பேட்டரியைக் கழற்றாதீர்கள். என்.எஃப்.சி உள்ள போனின் பின்பக்கத்தில் வைத்தால் அதன் சீரியல் நம்பரும், வைத்தவரின் போன் நம்பரில் கடைசி சில எண்களும் வரும். அதைப் படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள்.

ஆனால், சிம் போட்ட ஜி.பி.எஸ் டிராக்கரை இந்த ஸ்கேன் காட்டாது. டூ வீலர் சீட்டுக்கு அடியில், பேட்டரி பக்கம் புதிதாக ஒட்டுப்போட்ட வயர், காந்தத்தில் ஒட்டிய டப்பா... இதைக் கண்ணால்தான் தேட வேண்டும். உங்களுக்கு நம்பிக்கையான மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பத்து நிமிட வேலை.

“பாதுகாப்புக்குத்தானே பண்றோம்” என்பார்கள். சேலத்துக்குப் படிக்கப் போன பெண்ணின் போனில் அப்பா லொகேஷன் போடுவதும் உளவா? என் கணக்கு எளிமையானது. அது ஆன் ஆகியிருப்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா? “இது வேண்டாம்பா” என்று அவளால் சொல்ல முடியுமா? ரெண்டுக்கும் ‘ஆமாம்’ என்றால் சரி. இல்லையென்றால், நோக்கம் எதுவாக இருந்தாலும் அதன் பெயர் வேவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதில்தான் இப்போது சிக்கல். பரமக்குடி நீதிமன்றத்தில் நடந்த ஒரு விவாகரத்து வழக்கில், மனைவியின் அழைப்பு விவரங்களை அவருக்குத் தெரியாமல் எடுத்துக் கணவர் தாக்கல் செய்தார். 2024 அக்டோபரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அதை ஏற்க மறுத்தார். கணவன் மனைவிக்குள்ளும் அந்தரங்க உரிமை உண்டு, அதை மீறி எடுத்த ஆதாரம் செல்லாது என்றார். பல பெண்களுக்கு நிம்மதி தந்த தீர்ப்பு. ஆனால், பஞ்சாபிலிருந்து போன வேறொரு வழக்கில், மனைவிக்குத் தெரியாமல் கணவர் பதிவு செய்த போன் பேச்சை விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலை 14-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒருவரையொருவர் வேவு பார்க்கும் அளவுக்கு வந்தால் அந்த உறவு ஏற்கெனவே உடைந்துவிட்டது என்பது நீதிபதிகளின் பார்வை. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வீட்டில் போன் யார் கையில், பாஸ்வேர்டு யார் கையில் என்ற கணக்கில் ஆணும் பெண்ணும் இன்னும் சமமாகவில்லையே!

அதற்காக வேவு பார்க்க லைசென்ஸ் கிடைத்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். அந்தத் தீர்ப்பு சாட்சியத்தைப் பற்றியது. ஒரு பெண்ணின் இணையம், மெயில் போன்ற தகவல் தொடர்புகளை ஓர் ஆண் கண்காணிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 78-வது பிரிவில் குற்றம். முதல்முறை என்றால் 3 ஆண்டு வரை சிறை. கணவனுக்கு விலக்கு என்று அந்தப் பிரிவில் எழுதவில்லை. அனுமதியில்லாமல் அடுத்தவர் போனுக்குள் புகுந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-வது பிரிவும் இருக்கிறது.

இப்போது, அவசரப்பட வேண்டாம் என்றேனே, அந்த விஷயம். ஆப்பையோ அக்கவுன்டையோ நீக்கிய நொடியில் எதிர்ப்பக்கம் இருட்டாகிவிடும். ‘கண்டுபிடிச்சுட்டா’ என்று அவருக்குத் தெரிந்துவிடும். அடிக்கிற ஆள் என்றால் அன்றைக்கு ராத்திரியே பிரச்னைதான். அதனால் முதலில் இன்னொரு போனில் அந்த ஸ்கிரீன்களைப் படம் எடுத்து நம்பகமான ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். 181 பெண்கள் உதவி எண்ணுக்கும், பணம் போயிருந்தால் 1930-க்கும், அந்த இன்னொரு போனிலிருந்தே பேசுங்கள். உங்கள் போனில் பேசினால் அதுவும் அவருக்குப் போகலாம். மாவட்ட சைபர் க்ரைம் காவல் நிலையத்தில் நேரடியாகவும் புகார் கொடுக்கலாம். பாதுகாப்பான இடம் உறுதியான பிறகு போனைச் சுத்தம் செய்யுங்கள்.

சுத்தம் செய்வதிலும் ஒரு கண்ணி உண்டு. பட்டனை அழுத்தி நேராக ரீசெட் போட்டால், ஆண்ட்ராய்டு போன் பழைய அக்கவுன்டின் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும். அது அவரிடம்தான் இருக்கிறது! முதலில் உங்கள் பெயரில் புது மெயில் போடுங்கள், பாஸ்வேர்டை நீங்களே டைப் பண்ணுங்கள். நம்பர்களையும் படங்களையும் அதற்கு மாற்றுங்கள். பிறகு செட்டிங்ஸுக்குள் போய் அவருடைய அக்கவுன்டை நீக்கிவிட்டு, அங்கிருந்தே ரீசெட் போடுங்கள். ஸ்கிரீன் லாக் நம்பரையும் மாற்றுங்கள். பிள்ளையின் பிறந்தநாள் வேண்டாம், அது அவருக்கும் தெரியும்.