கம்பெனி தொடங்கச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் சட்டத்தையும் பேசணும்

இது திருவிழா அறிவிப்பு இல்லை, கொஞ்சம் நீளமான பதிவு. கோயிலுக்கு வரும் பெற்றோரும், பலதுறைத் தொழிற்கல்லூரி, பல்கலைக்கழகம்னு படிக்கிற பிள்ளைகளும் பொறுமையா படிக்கணும்னு தொண்டூழியர்கள் நாங்கள் கேட்டுக்கிறோம்.

இப்போ பல்கலைக்கழகத்தில் வேலைக்குப் போக மட்டும் சொல்லித் தர்றதில்லை, சொந்தமா கம்பெனி தொடங்கவும் சொல்லித் தர்றாங்க. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இதுக்குன்னே என்யுஎஸ் எண்டர்பிரைஸ்னு ஒரு பிரிவு இருக்கு. மாணவர்களை வெளிநாட்டுக்கு அனுப்பி, புதுசா தொடங்கிய சின்னக் கம்பெனிகளில் வேலை பார்க்க வெச்சு, கூடவே தொழில்முனைவுப் பாடமும் நடத்துறாங்க. அப்படி சிலிக்கான் வேலி போய் வந்த நண்பர்கள் 2012-இல் தொடங்கியதுதான் கரோசெல். வீட்டில் பழைய சோபாவை விற்க நாம போடுறோமே, அதே ஆப்தான்.

ஆயர் ராஜாவில் உள்ள புளோக் 71 பழைய தொழிற்சாலைக் கட்டடம். இடிக்க இருந்ததை 2011-இல் புதுக் கம்பெனிகளுக்கான இடமா மாத்தினாங்க. மெஷின் ஓடிய இடத்தில் இன்னைக்குப் பிள்ளைகள் லேப்டாப்போட உட்கார்ந்திருக்காங்க. பெருமையான விஷயம். நாங்கள் குறை சொல்ல வரலை.

ஆனா கம்பெனி தொடங்குறது பாதிக் கதைதான். மீதிக் கதைக்கு கிராப்பைப் பாருங்க. அதுவும் பல்கலைக்கழகத்தில் பிறந்த யோசனைதான். அமெரிக்காவில் ஹார்வர்டு வர்த்தகப் பள்ளியில் படித்த இரண்டு மலேசியர்கள், ஆந்தனி டானும் டான் ஹுய் லிங்கும், 2011-இல் அங்கே நடந்த தொழில் திட்டப் போட்டியில் அந்த யோசனையை வெச்சாங்க. 2012-இல் மலேசியாவில் தொடங்கி, 2013-இல் சிங்கப்பூருக்கு வந்தாச்சு. யோசனையிலிருந்து நம்ம ரோட்டுக்கு வர ரெண்டே வருஷம்!

சட்டம் எப்போ வந்துச்சு? ஆப் வழியா கார் ஓட்டுறவங்க, சாப்பாடு கொண்டுபோறவங்க நிலைமையைப் பார்க்க அரசாங்கம் ஆலோசனைக் குழு அமைத்தது 2021-இல். நாடாளுமன்றத்தில் இணையத் தள ஊழியர் சட்டம் நிறைவேறியது 2024-இல். நடப்புக்கு வந்தது 2025 ஜனவரி 1. யோசனைக்கு 2 வருஷம், பாதுகாப்புக்கு 11 வருஷத்துக்கும் மேல.

இந்த இடைவெளி எங்களுக்கு ஏன் உறுத்துது? எங்கள் கூட்டத்தில் தொழிற்சாலை ஆளுங்களும் இருக்கோம், ஆப்பில் ஓட்டுற தம்பிகளும் இருக்காங்க. தொழிற்சாலையில் லைனில் ஒருத்தர் கை அடிபட்டால் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் இருக்கு. சிகிச்சைச் செலவு, லீவு நாள் சம்பளம் எல்லாத்துக்கும் வழி உண்டு. ஆனா 2025-க்கு முன்னாடி, அதே நாளில் சாப்பாடு கொண்டுபோகிற தம்பி மழையில் சறுக்கி விழுந்தால், அவர் ‘ஊழியர்’ இல்லைங்கிறதால அந்தச் சட்டம் அவருக்கு இல்லாம இருந்துச்சு. கம்பெனி கொடுத்தால் கொடுத்ததுன்னுதான் இருந்துச்சு. ரெண்டு பேரும் ஒரே பந்தியில் அன்னதானம் பரிமாறுறவங்க!

ஆகவே எங்கள் கருத்து இதுதான். தொழில்முனைவையும் தொழில்நுட்பக் கொள்கையையும் பல்கலைக்கழகத்தில் ஒரே மேசையில் சொல்லித் தரணும். இப்போ கம்பெனி தொடங்குறவங்க ஆயர் ராஜா பக்கம், கொள்கை படிக்கிறவங்க புக்கிட் தீமாவில் லீ குவான் இயூ பொதுக் கொள்கைப் பள்ளியில். ரெண்டு பேரும் சேர்ந்து உட்காரணும். மூணாவது நாற்காலி ஒண்ணும் போடணும். அதில் ஓட்டுநரும், டெலிவரி தம்பியும், தொழிற்சாலை லைன் லீடரும் உட்காரட்டும். ‘இந்த ஆப் கெட்டுப் போனா நஷ்டம் யாருக்கு? இந்த மெஷின் வந்தா யாரோட வேலை போகும்?’ என்ற கேள்வியை முதல் நாளே கேட்க ஆள் வேணும்.

சட்டம் பேசினால் புதுக் கம்பெனி வளராதுன்னு சிலர் சொல்றாங்க. தைப்பூசத்தில் பார்க்கிறோமே, காவடி நல்லபடியா போய்ச் சேர்றது பாதையை ஒழுங்குபடுத்துறவங்க கூடவே நடக்கிறதாலதான். காவடி எல்லாம் போன பிறகு தடுப்பு வெச்சு என்ன பிரயோஜனம்? ஒழுங்கு என்பது தடை இல்லை. பின்னாடி வர்ற ஒழுங்குதான் எல்லாருக்கும் செலவு. அடுத்து செயற்கை நுண்ணறிவு வந்துக்கிட்டு இருக்கு. அதுக்கும் இன்னொரு 11 வருஷம் காத்திருக்க முடியுமா?

நாம செய்யக்கூடியது மூணு.

ஒண்ணு, பிள்ளைகளுக்கு: தொழில் தொடங்கும் வகுப்பில் சேருங்க, பயப்படாதீங்க. கூடவே கொள்கைப் பாடம் ஒண்ணாவது எடுங்க. பெற்றோரும் ‘டாக்டர், லாயர்’னு மட்டும் சொல்லாதீங்க. சட்டம் வரையுற மேசையிலும் நம்ம பிள்ளைகள் இருக்கணும்.

ரெண்டு, 40 வயசைத் தாண்டிய சிங்கப்பூரர்களுக்கு: 2024 மே மாதம் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் 4,000 வெள்ளி போட்டிருக்காங்க. எல்லாப் பாடத்துக்கும் செல்லாது, எதுக்குச் செல்லும்னு பார்த்துச் சேருங்க. பல்கலைக்கழக வாசல் நமக்கும் திறந்துதான் இருக்கு.

மூணு, ஆப்பில் ஓட்டுறவங்களுக்கு: இப்போ காயத்துக்கு இழப்பீடு சட்டப்படி உண்டு, விட்டுடாதீங்க. 1995-க்கு முன்னாடி பிறந்தவங்களுக்குக் கூடுதல் மத்திய சேமநிதிச் சந்தா கட்டாயம் இல்லை, விரும்பினா சேரலாம். ஆனா சேர்ந்த பிறகு விலக முடியாது. வீட்டில் பேசி முடிவு பண்ணுங்க. விவரம் புரியலைன்னா கோயிலில் எங்களைக் கேளுங்க, சேர்ந்து படிச்சுப் பார்ப்போம்.

மாற்றுக் கருத்து இருந்தா கீழே எழுதுங்க, மரியாதையா பேசுவோம். படிக்கிற பிள்ளைகளுக்கு இதை அனுப்புங்க. வேலும் மயிலும் துணை.