கத்திரிப் பூவுக்கு ஒரு வைப்ரேஷன்!

ஓசூர்க்காரங்களே, உங்க மொட்டை மாடியில ரோஜாத் தொட்டி கட்டாயம் இருக்குமே? பிப்ரவரி 14-க்கு ஃப்ளைட் ஏறுற ஊர்ப் பெருமையாச்சே! ஆனா, இதழ் மேல இதழா அடுக்கின அந்தப் பூவில் தேனீக்குப் பெரிசா தீனி கிடையாது.

பக்கத்துலயே ஒரு கத்திரிச் செடி வைங்க. அதன் மகரந்தம் உப்பு டப்பா மாதிரி, நுனியில் இருக்கிற குட்டி ஓட்டை வழியாத்தான் கொட்டும். பெட்டியில வளர்க்கிற தேனீக்கு அந்த வித்தை தெரியாது. நீலப்பட்டைத் தேனீயும் கருவண்டும் பூவைக் கட்டிப் பிடிச்சு 'விர்ர்ர்'னு உடம்பை அதிர வைக்கும். பொலபொலன்னு கொட்டும் பாருங்க, செல்போன் வைப்ரேட்டரெல்லாம் அப்புறம்தான்! ராயக்கோட்டை தக்காளிக்கும் இந்த உலுக்கல் ரொம்பப் பிடிக்கும். ரோட்டோர ஆவாரைக்கும் அதே டெக்னிக்தான்.

சிக்கல் என்னன்னா, நீலப்பட்டைத் தேனீ முட்டையிடுறது மண்ணுலயும் மண் சுவர்லயும். சிப்காட்டைச் சுத்தி வீடு பெருகப் பெருக, வாசல் வரைக்கும் டைல்ஸ், சிமென்ட். அது எங்கே போகும்? வீட்டோரம் ரெண்டடி வெறும் மண்ணை விட்டுவைங்க. தும்பை தானா முளைச்சா பிடுங்காதீங்க. துளசிக் கதிரைக் கிள்ளாம பூக்க விடுங்க.

அப்புறம், கிருஷ்ணகிரி மாம்பூவுக்கு வர்ற ஈயை விரட்டாதீங்க. தேனீயோட சேர்ந்து காய் பிடிக்க வைக்கிறதே அதுதான் (மாம்பழ ஜூஸ் குடிக்கறப்ப இதை நினைச்சுடாதீங்க!). பூச்சி மருந்து அடிச்சே ஆகணுமா? பூ மேல படாம, தேனீயெல்லாம் கிளம்பின பிறகு, சாயங்காலமா அடிங்க.