தள்ளு... தள்ளாதே!

ஓடுகிற பஸ் நின்றுவிட்டால் நமக்கெல்லாம் உடனே தோன்றும் யோசனை, இறங்கித் தள்ளுவது. அது பலிக்காவிட்டால் அடுத்த யோசனை, இன்னும் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளுவது.

அன்று கார்த்திகை ஞாயிறு. எங்கள் காலனியில் நாற்பது பேர் ஒரு டூரிஸ்ட் பஸ் பிடித்து, சோளிங்கர் யோக நரசிம்மரைச் சேவித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பெரிய மலையின் 1305 படிகளையும் ஏறிய கட்சிக்கு முழங்கால் போயிருந்தது. 2024-ல் வந்த ரோப் காரில் போன கட்சிக்குக் குரங்கிடம் தேங்காய் மூடி போயிருந்தது. யாருக்குப் புண்ணியம் ஜாஸ்தி என்று விவாதம் சூடேறியபோது எஞ்சினும் சூடேறி, ஆவி கக்கிவிட்டு நின்றது. ஊரைத் தாண்டி மூணு கிலோமீட்டர். பொழுது சாய்கிற நேரம்.

டிரைவர் யாருடைய பைக்கிலோ தொற்றிக்கொண்டு மெக்கானிக்கைத் தேடிப் போனார். தலைமைப் பொறுப்பை எங்கள் எதிர்வீட்டு மாமா ஏற்றார். ரிட்டயர்டு சரித்திர வாத்தியார்.

"1781-ல இதே சோளிங்கர்ல ஹைதர் அலிக்கும் கம்பெனிப் படைக்கும் யுத்தம் நடந்தது. அத்தனை பெரிய பீரங்கியை எல்லாம் மாடு இழுத்துது ஓய்! நாம நாற்பது பேர் ஒரு பஸ்ஸைத் தள்ள முடியாதா?"

மாட்டோடு ஒப்பிட்டதில் எங்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. தள்ளினோம். என் முதுகில் எங்கோ 'களுக்' என்றது. பஸ்ஸில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு கரும்பு டிராக்டர் ஒன்றை மறித்துத் தாம்புக்கயிறு கட்டினோம். கயிறு அறுந்தது. டிராக்டர்காரர் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார்.

மெக்கானிக் வந்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"இன்னா சார் இது! பிரேக்குக்கு வார்ப்படம் ஊத்துற ஆலை இருக்கிற ஊரு. இங்க வந்து பிரேக் புடிச்ச வண்டியத் தள்றீங்களே! ஏர் சுத்தமா இல்ல சார்!"

"வயல்ல யார்கிட்டயாவது ஏர் கேட்டுப் பார்க்கலாமா?" என்றார் மாமா.

"அந்த ஏர் இல்ல சாமி, காத்து!"

அப்புறம் பொறுமையாகச் சொன்னார். நாம் நினைப்பது, பிரேக்கை அழுத்தினால்தான் வண்டி நிற்கும் என்று. பஸ்ஸின் பின் சக்கரத்தில் கதை தலைகீழ். அங்கே ஒரு முரட்டு ஸ்பிரிங் எப்போதும் சக்கரத்தைப் பிடிக்கத் துடித்துக்கொண்டிருக்கிறது. காற்றழுத்தம்தான் அதை அடக்கி வைக்கிறது. எஞ்சின் நின்று, காற்றும் கசிந்து போனால் ஸ்பிரிங் பாய்ந்து பிடித்துக்கொள்ளும். அது பழுது இல்லை, பாதுகாப்பு.

இழுத்துப் போக வேண்டுமென்றால் இழுக்கிற வண்டியிலிருந்து குழாய் வழியே காற்று கொடுக்க வேண்டும். இல்லையேல் போல்ட்டைத் திருகி ஸ்பிரிங்கைச் சுருட்ட வேண்டும். சுருட்டிவிட்டால் அந்தச் சக்கரங்களில் பிரேக்கே கிடையாது! அப்போது கயிறு கட்டி இழுத்தால், முன் வண்டி நின்றதும் பின்னால் இருப்பது வந்து மோதும். அதனால்தான் இரும்புத் தண்டு போட்டு இழுக்கிறார்கள். பின் சக்கரம் தரையில் உருண்டு போவதென்றால் ஜாயின்ட் ஷாஃப்ட்டையும் கழற்ற வேண்டும். கழற்றாவிட்டால், எஞ்சின் ஓடாத நேரத்தில் கியர் பாக்ஸ் எண்ணெய் கிடைக்காமல் சுற்றித் தேய்ந்து போகும்.

இழுக்கிறதுக்கு சட்டமும் உண்டு. 1989-ல் வந்த சாலை விதிகளே இரண்டு வண்டிக்கும் நடுவில் 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்று சொல்லிவிட்டன. நாங்கள் கட்டிய தாம்புக்கயிற்றை அளந்து பார்க்க எனக்கு தைரியம் வரவில்லை.

பேசிக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றார். "லேடீஸ், குழந்தைங்க எல்லாம் எங்க?"

பஸ்ஸுக்கு முன்னால் ரோட்டோரமாய் ஜமுக்காளம் விரித்துப் புளியோதரை பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் மாறிவிட்டது.

"முதல்ல அவங்கள எழுப்புங்க சார். நாட்றம்பள்ளி ஞாபகம் இல்லையா?"

எல்லோரும் அமைதியானோம். 2023 செப்டம்பரில், சுற்றுலா போய்விட்டு ஊர் திரும்பிய பேரணாம்பட்டுப் பக்கத்து ஜனங்களின் வேன், நாட்றம்பள்ளி அருகே நெடுஞ்சாலையில் பழுதாகி நின்றது. இறங்கி ரோட்டிலேயே உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் வந்த லாரி நின்ற வேனில் மோத, வேன் அவர்கள் மேல் பாய்ந்தது. ஏழு பெண்கள் போய்விட்டார்கள்.

"வண்டி நின்னா வண்டிய மறந்துடணும் சார். ஜனத்தை ரோட்ட விட்டு எறக்கி தூர இட்டுனு போணும். அப்புறம்தான் மத்ததெல்லாம்."

ஜமுக்காளம் வரப்புக்கு மாறியது. நாங்கள் பஸ்ஸுக்குப் பின்னால் ஒடித்துப் போட்டிருந்த வேப்பந்தழையைப் பார்த்துச் சிரித்தார். "இருட்டுல தழை தெரியுமா?" தன் பையிலிருந்து பளபளக்கும் முக்கோணத்தை எடுத்து, நன்றாகத் தள்ளி வைத்தார். முட்டுக் கொடுத்த கற்களைக் கிளம்பும்போது மறக்காமல் எடுக்கச் சொன்னார். நாம் விட்டுப் போகிற கல், அடுத்து வரும் ஸ்கூட்டர்காரருக்கு எமன். தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் 1033-க்கு போன் செய்தால் கிரேன் வரும் என்றும் சொல்லிக்கொடுத்தார்.

ராத்திரி எட்டரைக்கு ரெக்கவரி வண்டி வந்தது. காற்றுக் குழாயை மாட்டியதும் 'புஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு. நாற்பது பேருக்கு அசையாத பஸ் சாதுவாகக் கிளம்பியது. மாமா வாயே திறக்கவில்லை. 1781-ல் ஹைதர் அலி தோற்றது ஞாபகம் வந்திருக்கும்.

வேறு வேனில் வீடு திரும்பும்போது என் மனைவி பக்கத்து சீட் அம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"எங்க வீட்டுக்காரருக்கும் அதே ஸ்பிரிங்தான் மாமி. எவ்வளவு தள்ளினாலும் நகர மாட்டார். 'உங்கள மாதிரி உண்டா'ன்னு கொஞ்சம் காத்து ஏத்தினா, ரேஷன் கடை வரைக்கும் தானா போய்ட்டு வந்துடுவார்!"