வெல்லக் கட்டியும் எண்ணெய்க் கட்டியும்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை நீண்டு கிடக்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி அது. கோமுகியும் மணிமுத்தாறும் அம்மலையில் பிறந்து, அடிவாரத்து வயல்களை நனைத்துக் கிழக்கு நோக்கிச் செல்கின்றன. 2019-ஆம் ஆண்டில் தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்ட இந்நிலப்பகுதியில் நெல்லும் கரும்பும் மரவள்ளியும் மக்காச்சோளமும் விளைகின்றன. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. அவ்வாலைகளுக்குச் செல்லாத கரும்பின் ஒரு பகுதி, வயலோரத்தில் வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளுக்குச் செல்கிறது.

கரும்பின் சாறு காத்திருக்கும் பொருளன்று. பிழிந்த சில மணி நேரத்திற்குள் புளிக்கத் தொடங்கிவிடும். குடங்களில் நிரப்பித் தொலைவூருக்குக் கொண்டுபோனால், வழியில் ஒரு பகுதி சிந்தும், எஞ்சியது கெடும். ஆகையால் உழவர் அதனை உடனே கொப்பரையில் ஊற்றிக் காய்ச்சுகின்றனர். அடுப்புக்கு விறகு தேடி அவர்கள் அலைவதில்லை; சாறு பிழிந்த சக்கையே காய்ந்து எரிபொருளாகிறது. சுண்ணாம்பு இட்டு, மேலே மிதக்கும் அழுக்கை அகற்றி, பாகு பதம் வரும்வரை துழாவி, பின்னர் ஆறவிட்டுக் கட்டியாக்குகின்றனர். ஒரு டன் கரும்பு ஏறக்குறைய 100 கிலோ வெல்லமாகச் சுருங்குகிறது. சாக்கில் கட்டி வண்டியில் ஏற்றினால் அது எவ்வூருக்கும் செல்லும்; பல மாதங்கள் கெடாமல் இருக்கும். சாக்கு கிழிந்து ஒரு கட்டி சாலையில் விழுந்தாலும், குனிந்து எடுத்துக்கொள்ளலாம். சாற்றுக் குடம் உடைந்தாலோ, மண்ணை அள்ளிப் பிழிய இயலுமா?

ஓடும் பொருளை உறையச் செய்து, உறைந்ததைச் சுமந்து செல்லும் இவ்வழக்கம் மிகப் பழையது. இது இன்று உலகின் பெருவணிகங்களுள் ஒன்றாகிய கச்சா எண்ணெய் வணிகத்திற்கும் பொருந்துமா என்னும் ஆராய்ச்சி கனடா நாட்டில் எழுந்துள்ளது. எண்ணெயைக் குழாய் வழியே ஓடவிடுவதற்கு மாறாக, அதனைக் கட்டியாக்கிச் சரக்கு ரயிலிலும் கப்பலிலும் ஏற்றி அனுப்பலாம் என்பது அங்குள்ளோர் சிலரின் கருத்து. புதுமை என்று வியந்து அதனை அப்படியே ஏற்பதும் தகாது; விந்தை என்று நகைத்துத் தள்ளுவதும் தகாது. அதன் நன்மை தீமைகளை நிறுத்துப் பார்ப்பதே அறிவுடைமை.

முதலில் அறிய வேண்டுவது எண்ணெயின் இயல்பு. கச்சா எண்ணெய் எங்கும் ஒரே தன்மை உடையதன்று. சில இடங்களில் அது நீர்போல் இளகி ஓடும். சில இடங்களில் தேன்போல் கெட்டியாக இருக்கும். கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் மணலோடு கலந்து தார்போல் கிடக்கும். இந்தியாவிலேயே இதற்குச் சான்று உண்டு. இராசத்தானத்துப் பார்மர் பகுதியில் 2004-ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட மங்களா எண்ணெய் வயலின் எண்ணெய் மெழுகு மிகுந்தது. நிலத்தின் மேல் கொண்டுவந்து ஆறவிட்டால் உறைந்துவிடும். அதனைக் குசராத்துக் கடற்கரைக்குக் கொண்டுசெல்ல 600 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள குழாய் பதித்திருக்கின்றனர். வழிநெடுகிலும் அக்குழாயை ஏறக்குறைய 65 பாகை செல்சியசு வெப்பத்தில் வைத்துக் காக்கின்றனர். உறைய விரும்பும் பொருளை உறையவிடாமல் ஓட்டுவதற்கே அங்கு அத்துணை முயற்சி!

ஆல்பர்ட்டாவில் வேறொரு முறையைக் கையாள்கின்றனர். அங்குள்ள தார் எண்ணெய் தானாக ஓடாது. ஆகையால், அதனோடு மெல்லிய எண்ணெய் வகைகளைக் கலந்து இளக்குகின்றனர். அக்கலவையில் பத்தில் மூன்று பங்கு வரை இளக்குவதற்காகச் சேர்த்த பொருளே இருக்கும். சென்று சேரும் இடத்தில் அதனைப் பிரித்தெடுக்க வேண்டும். விற்பனைக்குரிய பொருளோடு அதன் துணைப்பொருளும் குழாயில் இடம் பிடித்துக்கொண்டு பயணம் செய்கிறது.

குழாய்க்குப் பெருமை இல்லாமல் இல்லை. அது இரவு பகல் ஓயாது உழைக்கிறது, சாலையை அடைப்பதில்லை, மழைக்கும் வெயிலுக்கும் நிற்பதில்லை. மிகுந்த அளவு எண்ணெயை நெடுந்தொலைவு அனுப்புவதற்கு நிலத்தின்மேல் அதனினும் மலிவான வழியைக் காண்பது அரிது. ஆயினும், மண்ணுக்குள் மறைந்திருப்பது அதன் நன்மை. அம்மறைவே அதன் தீமையும் ஆகும். 2010-ஆம் ஆண்டு சூலை மாதத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் தார் எண்ணெய் சென்ற குழாய் ஒன்று பிளந்தது. பதினேழு மணி நேரத்திற்கு மேல் அதனை அறிந்து அடைப்பார் இல்லை. இடையில் அக்குழாயில் மேலும் எண்ணெய் செலுத்தப்பட்டது. ஏறக்குறைய 20,000 பீப்பாய் எண்ணெய் வெளியேறிக் கலமசூ ஆற்றில் கலந்தது. இளக்குவதற்காகச் சேர்த்த மெல்லிய பொருள் காற்றில் ஆவியாயிற்று. கனத்த தார் ஆற்றின் அடியில் படிந்தது. அதனை அகற்றும் பணி சில ஆண்டுகள் நீடித்தது.

அத்தகைய துன்பம் கடல் கடந்த நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 2023-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களின் தொடக்கத்தில், நாகூரை அடுத்த பட்டினச்சேரி மீனவர் சிற்றூரின் கரையில் கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்து, எண்ணெய் கடலில் பரவிற்று. வலையை நம்பி வாழும் மக்கள் கடலுக்குச் செல்லாமல் கரையில் திரண்டனர். கசிந்த இடத்தை அடைத்தால் போதாது, குழாயையே முற்றும் அகற்ற வேண்டும் என்று கேட்டனர். அவர்கள் அவ்வெண்ணெயை விற்றவர்களும் அல்லர், வாங்கியவர்களும் அல்லர். அது கடந்து செல்லும் வழியில் குடியிருந்தார்கள், அவ்வளவே.

ஓடும் எண்ணெய் ஒருமுறை சிந்திவிட்டால் அதனை மீட்பது எத்துணை அரிது என்பதைச் சென்னையும் கண்டது. 2017-ஆம் ஆண்டு சனவரி மாத இறுதியில் எண்ணூர்த் துறைமுகத்திற்கு அருகில் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கப்பலிலிருந்து கொட்டிய கனத்த எண்ணெய் கரையோரப் பாறைகளில் அப்பிக்கொண்டது. கருவிகள் பல இருந்தும், இறுதியில் ஆட்கள் வரிசையாக நின்று வாளிகளால் அள்ள நேர்ந்தது. விண்வெளிக்குக் கலம் அனுப்பும் காலத்தில், கடலை வாளியால் துடைக்க வேண்டியிருந்தது!

கசிவு நேராத இடத்திலும் குழாய்க்கு ஒரு விலை உண்டு. 1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்ச் சட்டத்தின்படி, குழாய் பதிக்கும் நிலம் உழவருக்கே சொந்தமாக இருக்கும். பயன்படுத்தும் உரிமை மட்டும் குழாய் பதிப்போரைச் சேரும். அந்நிலப் பட்டையில் உழவர் கிணறு வெட்டலாகாது; வீடு கட்டலாகாது; மரம் வைக்கலாகாது. இதற்கு ஈடாக நிலத்தின் சந்தை விலையில் நூற்றுக்குப் பத்துப் பங்கும், பயிருக்கு நேர்ந்த சேதத்திற்கு இழப்பீடும் தருவர். தென்னையும் கிணறும் இல்லாத நிலம் உழவருக்கு எவ்வளவு பயன்படும்? கொச்சியிலிருந்து கருநாடகத்திற்கு எரிவாயு கொண்டுசெல்லும் குழாயைத் தமிழ்நாட்டின் மேற்கு மாவட்டங்களில் பதிக்க முற்பட்டபோது, 2013-ஆம் ஆண்டில் உழவர்கள் எதிர்த்து நின்றது இதனாலேயே ஆகும். கல்வராயன் மலைக்கு மேற்கேயுள்ள சேலம், தருமபுரி மாவட்டங்களும் அவற்றுள் அடங்கும். விளைநிலத்தை விட்டு நெடுஞ்சாலை ஓரமாகக் குழாய் செல்லட்டும் என்று மாநில அரசு கூறியது. 2016-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் குழாய்க்குச் சார்பாகவே தீர்ப்பு வழங்கியது.

இத்தகைய வழக்குகளும் கசிவுகளும் கனடாவிலும் மிகுந்தமையால், அங்கே வேறு வழியைத் தேடினர். கால்கரிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் இயன் கேட்சு, தார் எண்ணெயின் தரத்தை உயர்த்தும் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தபோது, அதனைச் சிறு உருண்டைகளாக்கும் முறையைத் தற்செயலாகக் கண்டார். உள்ளே இளகிய எண்ணெய், வெளியே கெட்டித்த தோல் என்னுமாறு அவ்வுருண்டைகள் அமைந்தன. 2017-ஆம் ஆண்டில் இச்செய்தி வெளியாயிற்று. அதே காலத்தில் கனடியன் நேசனல் என்னும் ரயில் நிறுவனமும் ‘கனாபக்சு’ என்ற பெயரில் எண்ணெய்க் கட்டிகளை உருவாக்கியது. தார் எண்ணெயோடு பிளாசுடிக் இனத்தைச் சேர்ந்த பொருளைக் கலந்து, மேலேயும் அப்பொருளால் உறையிட்டுச் சோப்புக் கட்டி அளவில் வார்ப்பது அம்முறை. சேருமிடத்தில் சூடாக்கினால் எண்ணெய் தனியே பிரியும். பிளாசுடிக்கை மீண்டும் பயன்படுத்தலாம்.

இதன் நன்மைகள் எளிதில் விளங்கும். இளக்குவதற்கு மெல்லிய எண்ணெய் வேண்டுவதில்லை. நிலக்கரி ஏற்றும் திறந்த பெட்டிகளே போதும். தொட்டி வண்டிகள் வேண்டா. 2013-ஆம் ஆண்டு கனடாவின் லாக் மெகாந்திக்கு நகரில் கச்சா எண்ணெய்த் தொட்டி ரயில் தடம் புரண்டு தீப்பற்றியதில் 47 பேர் மாண்டனர். எண்ணெய்க் கட்டி அவ்வாறு எளிதில் வெடித்து எரியாது. ஆற்றில் விழுந்தால் அடியில் படியாமல் மிதக்கும்; வலைகொண்டு அரித்தெடுக்கலாம். வெல்லக் கட்டி சாலையில் விழுந்த கதையே இதுவும்.

ஆயினும் வெல்லத்தையும் எண்ணெயையும் முற்றும் ஒப்பிடல் பொருந்தாது. கரும்பு வெல்லமாகும்போது நீரும் சக்கையும் நீங்குகின்றன. சுமை பத்தில் ஒன்றாகிறது. எண்ணெய் கட்டியாகும்போது அதன் எடை அவ்வாறு குறைவதில்லை. வெல்லத்தை அப்படியே உண்ணலாம். எண்ணெய்க் கட்டியையோ மீண்டும் உருக்கியே ஆகவேண்டும். ஆக்கவும் நெருப்பு, அழிக்கவும் நெருப்பு என இருமுறை செலவு. கனடாவில் 2024-ஆம் ஆண்டு விரிவாக்கப்பட்டுத் திறக்கப்பட்ட டிரான்சு மவுண்டன் குழாய் நாள்தோறும் 8,90,000 பீப்பாய் வரை செலுத்த வல்லது. அத்தனை எண்ணெயையும் கட்டியாக்கி, ஒரு ரயிலுக்கு 10,000 டன் வீதம் ஏற்றினால், நாள் ஒன்றுக்கு 12-க்கும் மேற்பட்ட ரயில்கள் புறப்பட வேண்டும். எளிதில் ஓடும் மெல்லிய எண்ணெயை வலிந்து கட்டியாக்குவதும் வீண் முயற்சியே. இக்காரணங்களால் எண்ணெய்க் கட்டி இன்னும் குழாயின் இடத்தைப் பிடிக்கவில்லை. கட்டியாகச் சென்றாலும் எண்ணெய் எரியும்போது எழும் புகை குறைவதில்லை என்பதையும் மறத்தல் ஆகாது.

அங்ஙனமாயின் இவ்வாராய்ச்சி பயனற்றதோ? அன்று. அது ஓர் உண்மையைத் தெளிவாகக் காட்டுகிறது. எந்தப் பொருளையும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்வதற்கு ஒரு விலை உண்டு. அவ்விலையைக் கொடுப்பவர் யார் என்பதே கேள்வி. வெல்லம் காய்ச்சுவோர் தம் உழைப்பாலும் தம் சக்கையாலும் அவ்விலையைக் கொப்பரையடியிலேயே முன்கூட்டிச் செலுத்திவிடுகின்றனர். பின்னர் அவ்வெல்லம் எந்த ஊர் வழியாகச் சென்றாலும், அவ்வூருக்குத் தீங்கு இல்லை. எண்ணெய்க் கட்டியும் அவ்வாறே. அதன் செலவு தொழிற்சாலையிலேயே கணக்கில் ஏறிவிடுகிறது. குழாயின் செலவோ இரு கூறாகிறது. ஒரு கூறு கணக்கேட்டில் இருக்கும். மற்றொரு கூறு, கிணறு வெட்ட இயலாத உழவர் நிலத்திலும் வலை வீச இயலாத மீனவர் கரையிலும் இருக்கும். கணக்கேட்டை மட்டும் பார்ப்பவருக்குக் குழாய் மலிவாகத் தோன்றுகிறது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது தமிழர் பழமொழி. மண்ணுக்குள் ஓடவிடும் எண்ணெய்க்கும் அவ்வளவை வேண்டும். இயல்பிலேயே கெட்டியான எண்ணெயை இளக்கி ஓட்டுவதைவிடக் கட்டியாக அனுப்புவது நன்றா என்று முழுக் கணக்கும் போட்டுப் பார்த்தல் வேண்டும். மெல்லிய எண்ணெய்க்குக் குழாயே ஏற்றது என்று தெரிந்தால், கசிவை உடனே காட்டும் கருவிகள் அதில் அமைதல் வேண்டும். பழுதடைந்த குழாயைக் காலத்தில் மாற்றுதல் வேண்டும். நிலத்துக்கு உரியவரைக் கேட்டு வழி வகுத்தல் வேண்டும். தருகின்ற ஈடு, அவர் இழப்பதற்கு ஒத்ததாக இருத்தல் வேண்டும். பட்டினச்சேரியின் துன்பத்திற்கு எண்ணெய்க் கட்டி மருந்தாகாமல் போகலாம். ஆனால், முழுக் கணக்குப் பார்க்கும் வழக்கம் மருந்தாகும்.

கல்வராயன் மலையடிவாரத்தில் கரும்பு வெட்டும் காலத்தில் கொட்டகைகளிலிருந்து புகை எழுகிறது. கொப்பரையின் அருகே நிற்பவர் வெப்பத்தைத் தாமே தாங்குகிறார். வழியிலுள்ளோர் மீது அதனைச் சுமத்துவதில்லை. பொறியியல் பயின்று பெருந்தொழில்களை நடத்தப்போகும் மாணவர், அக்கொட்டகையிலிருந்து கற்க வேண்டிய பாடம் இது. ஒரு பொருளால் ஆதாயம் பெறுவோரே அதனைக் கொண்டுசெல்லும் துன்பத்தையும் ஏற்றல் வேண்டும். வழியில் வாழ்வோர் தலையில் அதனை இறக்கிவைத்தல் முறையன்று.