விலையுயர்ந்த வி.ஆர். ஹெட்செட்: அணிந்து பாருங்கள், வாங்காதீர்கள்

ஜொகூர் பாருவிலிருந்து பாலத்தைக் கடந்தால், முகத்தில் அணியும் மெய்நிகர் உலகக் (வி.ஆர்.) கருவியான ஆப்பிள் விஷன் புரோ கிடைக்கிறது. 2024 ஜூன் 28ஆம் தேதி சிங்கப்பூரில் விற்பனைக்கு வந்தபோது அதன் தொடக்க விலை 5,299 சிங்கப்பூர் டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் 18,000 ரிங்கிட்டுக்கும் மேல். மலேசியாவில் 2025 முதல் நடப்பில் உள்ள குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். அந்தச் சம்பளம் பெறும் ஒருவர் பத்து மாதச் சம்பளத்தை ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்தாலும் இந்தக் கருவியின் விலைக்கு எட்டாது. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மலேசியக் குடும்பங்களின் இடைநிலை மாத வருமானம் 6,338 ரிங்கிட். அப்படிப்பட்ட குடும்பத்துக்கும் இது ஏறக்குறைய மூன்று மாத முழு வருமானம். ஆனால் சிங்கப்பூரில் சம்பாதித்து ஜொகூரில் குடியிருக்கும் இளையவர்களுக்கு இந்த விலை எட்டாக்கனி அல்ல. தவணை வசதியும் உண்டு. அதனால்தான் கேள்வியைத் தெளிவாகக் கேட்க வேண்டியிருக்கிறது. கையில் பணம் இருந்தாலும் இதற்குக் கொடுக்கலாமா? கொடுக்க வேண்டாம் என்பதே என் முடிவு. தொழில்நுட்பம் மட்டமானது என்பதால் இதைச் சொல்லவில்லை. எப்போதாவது பயன்படும் ஒரு பொருளை, ஆயுள் முழுக்கத் தயாரிப்பாளரின் கையில் இருக்கும் ஒரு பொருளை, ஒரு குடும்பம் சொந்தச் செலவில் வாங்கி வைப்பது வீண் என்பதால் சொல்கிறேன்.

முதலில், கூடுதல் பணம் எதை வாங்கித் தருகிறது என்று பார்ப்போம். மெட்டா நிறுவனம் 2023 அக்டோபரில் 499 அமெரிக்க டாலருக்குக் குவெஸ்ட் 3 கருவியையும், ஓராண்டு கழித்து 299 டாலர் 99 காசுக்குக் குவெஸ்ட் 3எஸ் கருவியையும் வெளியிட்டது. இரண்டிலும் இயங்குவது ஒரே சில்லு, ஒரே அளவு நினைவகம், ஒரே விளையாட்டுகள், ஒரே செயலிகள். விலை கூடியதில் வில்லை தரமானது, படம் தெளிவானது. ஒளிக்கட்டைகளை வாளால் வெட்டி ஆடும் பீட் சேபர் போன்ற புகழ்பெற்ற விளையாட்டு விலை குறைந்த கருவியிலும் குறைவின்றி ஓடுகிறது. விஷன் புரோவோ இவற்றைவிடப் பல மடங்கு நுட்பமானது. இரண்டு திரைகளிலும் சேர்த்து 2 கோடியே 30 லட்சம் படப்புள்ளிகள் கொண்டது. அந்தத் தெளிவை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அமெரிக்காவில் 3,499 டாலருக்கு அது விற்பனைக்கு வந்த நாளில் நெட்ஃபிளிக்ஸுக்கும் யூடியூபுக்கும் அதில் தனிச் செயலிகள் இல்லை. மக்கள் அன்றாடம் பார்ப்பதைக் கொடுக்கும் நிறுவனங்களே அந்தக் கருவிக்காகச் செயலி எழுத அவசரப்படவில்லை. குவெஸ்ட் 3எஸ் விலையைப்போல் பதினோரு மடங்குக்கும் மேல் கொடுப்பவருக்குப் பதினோரு மடங்கு பயன் கிடைப்பதில்லை. கிடைப்பது அதே சில வேலைகளை மேலும் தெளிவாகப் பார்க்கும் வசதி.

அடுத்தது ஆயுள். இந்தத் துறையின் பத்தாண்டு வரலாற்றைப் புரட்டினால் கைவிடப்பட்ட கருவிகளின் பட்டியல் நீள்கிறது. கூகுளின் டேட்ரீம் 2016இல் வந்தது, 2019இல் நிறுத்தப்பட்டது. சாம்சங்கின் கியர் வி.ஆர். 2015இல் வந்து ஐந்தாண்டில் முடிந்தது. மெட்டா 2022 அக்டோபரில் 1,499 டாலருக்கு விற்ற குவெஸ்ட் புரோவின் விலை, ஐந்து மாதம்கூட ஆகாத நிலையில், 2023 மார்ச்சில் 999 டாலராக இறங்கியது. முதலில் வாங்கியவர் 500 டாலர் கூடுதலாகக் கொடுத்தவர் ஆனார். பிறகு அந்தக் கருவியின் விற்பனையே நின்றுபோனது. இவை எல்லாவற்றையும்விடக் கவலை தருவது விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி கதை. ஏசர், டெல், லெனோவோ, சாம்சங், எச்.பி. ஆகிய நிறுவனங்கள் மைக்ரோசாஃப்டின் அந்த மென்பொருளை நம்பி ஹெட்செட் செய்து விற்றன. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதை நீக்கிவிட்டது. 2020 வாக்கில் 600 டாலர் கொடுத்து எச்.பி. ரிவெர்ப் ஜி2 வாங்கியவரின் வில்லை உடையவில்லை, மின்சுற்று பழுதாகவில்லை. கணினியைப் புதுப்பித்ததும் ஹெட்செட் வேலை செய்யாமல் போனது. பழைய விண்டோஸிலேயே தங்கியிருப்பவர்களுக்குச் சிறிது காலம் ஓடும், அவ்வளவுதான். 3,500 டாலர் விலையுள்ள ஹோலோலென்ஸ் 2 கருவியின் தயாரிப்பையும் மைக்ரோசாஃப்ட் அதே 2024இல் நிறுத்தியது.

இதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. வி.ஆர். கருவிகளைச் செய்யும் மெட்டாவின் ரியாலிட்டி லேப்ஸ் பிரிவு 2022இல் 1,370 கோடி டாலர், 2023இல் 1,610 கோடி டாலர், 2024இல் 1,770 கோடி டாலர் செயல்பாட்டு இழப்பைக் காட்டியது. இவ்வளவு நட்டத்தை எந்த நிறுவனமும் காலம் முழுக்கத் தாங்காது. எந்தக் கருவியைத் தொடர்வது, எதைக் கைவிடுவது என்ற முடிவு பங்குதாரர்களின் பொறுமையைப் பொறுத்தது. குளிர்பதனப் பெட்டியைச் செய்த நிறுவனம் மூடப்பட்டாலும் பெட்டி குளிரூட்டிக்கொண்டே இருக்கும். வி.ஆர். ஹெட்செட் அப்படி இல்லை. கணக்கு திறக்க, செயலி வாங்க, மென்பொருள் புதுப்பிக்க என ஒவ்வொன்றுக்கும் தயாரிப்பாளரின் சர்வர் வேண்டும். எக்கோ வி.ஆர். என்ற விளையாட்டை 2023 ஆகஸ்ட் 1ஆம் தேதி மெட்டா மூடியபோது, அதற்காகவே கருவி வாங்கியவர்கள் செய்வதறியாது நின்றார்கள். வாங்கியவர் கையில் பெட்டி இருக்கிறது, அதன் உயிர் வேறொருவர் கையில் இருக்கிறது.

ஜொகூர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. இங்கே புழங்கும் ஹெட்செட்டுகளில் பல, ஷாப்பி, லசாடா தளங்களில் இறக்குமதி வணிகர்கள் விற்பவை. இல்லையென்றால் சிங்கப்பூரிலிருந்து கையோடு கொண்டுவந்தவை. மலேசியாவில் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வெறும் 5 ரிங்கிட் கட்டணம் கட்டி, வழக்கறிஞர் இல்லாமல், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வைக்கலாம். சாதாரணக் குடும்பத்துக்குக் கிடைத்த நல்ல அரண் அது. பாலத்துக்கு அப்பால் இருக்கும் கடையை எதிர்த்து அந்த அரண் உதவாது. உத்தரவாதம் வாங்கிய நாட்டில் மட்டும்தான் செல்லுமா, பழுதானால் யார் பார்ப்பார், மலேசியக் கணக்கில் எந்தெந்தச் செயலி திறக்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்காமல் 18,000 ரிங்கிட்டைக் கொடுப்பது பாதுகாப்பை நாமே கைவிடுவதாகும்.

கருவியை உடலும் ஏற்க வேண்டும். முதல் விஷன் புரோவின் எடை 600 முதல் 650 கிராம்; அந்த எடையில் பெரும்பகுதி நெற்றியிலும் கன்னத்திலும் இறங்குகிறது. 350 கிராம் மின்கலம் தனி. கம்பி வழியாக அதைச் சட்டைப்பையில் சுமக்க வேண்டும், அதுவும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம்தான் தாங்கும். ஒரு முழுநீளத் தமிழ்ப் படத்தை நடுவில் மின்னேற்றாமல் பார்த்து முடிக்க இது போதாது. கருவிக்குள் காட்சி நகரும்போது, உடல் நகர்வதாகக் கண் சொல்கிறது, உட்காதின் சமநிலை உறுப்போ உடல் அசையவில்லை என்கிறது. இரண்டும் முரண்படும்போது பலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வருகின்றன. மூக்குக் கண்ணாடி போட்டவர்கள் விஷன் புரோவுக்குத் தனி வில்லை வாங்க வேண்டும். நம் ஊர் வெக்கையில், முகத்தை ஒட்டியிருக்கும் மெத்தை வியர்வையில் ஊறும், வில்லையில் ஆவி படியும். கருவியை ஜன்னலோரம் கழற்றி வைத்தால் ஆபத்து இன்னும் பெரிது: வில்லைகள் பூதக்கண்ணாடிபோல வெயிலைக் குவித்து உள்திரையைச் சுட்டுவிடும். தயாரிப்பாளர்களே கையேட்டில் எச்சரிக்கிறார்கள். இத்தனைக்கும் நடுவில் தினமும் எடுத்து மாட்டுவோம் என்று நம்புவது கடினம்.

இது எப்போதாவது அனுபவிக்க வேண்டிய பொருள் என்பதற்கு நம் கண்முன்னே சான்று இருக்கிறது. இஸ்கண்டார் புத்ரியில் உள்ள லெகோலாண்ட் மலேசியா, 2017இல் தன் ரோலர் கோஸ்டரை வி.ஆர். கண்ணாடியுடன் ஏறும் 'தி கிரேட் லெகோ ரேஸ்' சவாரியாக மாற்றியது. குடும்பங்கள் நுழைவுச்சீட்டு வாங்கி, சில நிமிடம் அணிந்து, கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகும் ஏற்பாடு அது. பூங்காக்களுக்கே இதைப் பராமரிப்பது எளிதல்ல. இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்கா 2016இல் கலாக்டிகா சவாரியில் வி.ஆர். கண்ணாடிகளைச் சேர்த்து, சில ஆண்டுகளிலேயே எடுத்துவிட்டது. நம்மவர் படைப்பும் இதையே சொல்கிறது. ஏ.ஆர். ரஹ்மான் இயக்குநராக அறிமுகமான 'லே மஸ்க்' ஒரு 36 நிமிட வி.ஆர். படம், 2022 கான் திரைப்பட விழாவை ஒட்டி வெளிவந்தது. அசையும் நாற்காலியில் அமர்ந்து, நறுமணத்தையும் நுகர்ந்தபடி பார்ப்பதற்காக அது உருவாக்கப்பட்டது. வீட்டில் எவ்வளவு விலையுயர்ந்த ஹெட்செட் இருந்தாலும் அந்த நாற்காலியும் மணமும் வாரா. தமிழுலகின் மிகப் பெரிய இசைக்கலைஞர் இந்தக் கலையில் இறங்கியபோதும் கூடிச் சென்று காணும் இடத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்.

எந்தத் தொழில்நுட்பமும் தொடக்கத்தில் விலை அதிகமாகத்தான் இருந்தது, முதலில் வாங்குபவர்கள் இல்லாவிட்டால் வளர்ச்சி ஏது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1983இல் விற்பனைக்கு வந்த மோட்டரோலா கைபேசியின் விலை 3,995 டாலர். மலேசியாவில் 1985இல் தொடங்கிய முதல் கைபேசிச் சேவையும் எளியவர்களுக்கு எட்டாததாகவே இருந்தது. ஆனால் கைபேசி வந்த முதல் நாளே, நடமாடும் இடத்திலிருந்து பேச வேண்டும் என்ற எல்லோருக்கும் இருந்த தேவையைத் தீர்த்தது. விலை மட்டுமே தடையாக இருந்தது, அது இறங்கியதும் உலகமே வாங்கியது. 3டி தொலைக்காட்சியைப் பாருங்கள். அவதார் படம் 2009 டிசம்பரில் வெளியான சூட்டில் எல்லா நிறுவனங்களும் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. 2010இல் தொடங்கிய ஈ.எஸ்.பி.என். 3டி அலைவரிசை 2013இல் மூடப்பட்டது. 2017க்குள் சாம்சங், சோனி, எல்.ஜி. மூன்றுமே அந்தத் தொலைக்காட்சிகளைக் கைவிட்டன. விலை இறங்கிய பிறகும் கண்ணாடி மாட்டிப் படம் பார்க்க வீட்டில் யாருக்கும் பொறுமை இருக்கவில்லை. வி.ஆர். ஹெட்செட் இந்த இரண்டில் எந்தப் பாதையில் போகும் என்பது இன்னும் முடிவாகவில்லை. முடிவாகும்வரை ஆய்வுச் செலவைச் சுமக்கும் கடமை உலகின் மிகப் பணக்கார நிறுவனங்களுக்கு உரியது, ஸ்கூடாயிலும் மாசாயிலும் வீட்டுக் கடன் கட்டும் குடும்பங்களுக்கு உரியதல்ல.

பிள்ளைகளின் படிப்புக்கு உதவுமே என்பது பெற்றோர் சொல்லும் காரணம். இதயத்தின் அறைகளையும் கோள்களின் சுழற்சியையும் முப்பரிமாணத்தில் காணும் மாணவருக்குப் பாடம் மனத்தில் பதியும் என்பதை ஏற்கிறேன். ஆனால் வயதைக் கவனியுங்கள். மெட்டா தன் கருவிக்குக் குறைந்தபட்ச வயது 10 என்கிறது, 2023 வரை அதுவும் 13ஆக இருந்தது. சோனி தன் பிளேஸ்டேஷன் கருவிக்கு 12 என்கிறது, ஆப்பிள் 13 என்கிறது. நம் தமிழ்ப்பள்ளிகளில் படிப்பவர்கள் 7 முதல் 12 வயதுப் பிள்ளைகள். மெட்டாவின் விதிப்படி பார்த்தால் முதல் மூன்று ஆண்டு மாணவர்களுக்கு இது ஆகாது. ஆப்பிள் விதிப்படி பார்த்தால் பள்ளியில் ஒருவருக்குமே ஆகாது. வீட்டில் ஒரு பிள்ளை ஹெட்செட் அணிந்தால் மற்றவர் காத்திருக்க வேண்டும். ஆசிரியரோ பெற்றோரோ பக்கத்தில் இருந்தாலும் பிள்ளை என்ன பார்க்கிறது என்பது உடனே தெரியாது. 18,000 ரிங்கிட்டுக்குப் பத்து எளிய மடிக்கணினிகளாவது வாங்கலாம், அல்லது ஒரு சிறு நூலகத்தையே நிரப்பலாம். நன்கொடை திரட்டும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

யாருமே வாங்கக்கூடாது என்று சொல்லவில்லை. ஆபத்தான வேலையை ஆபத்தில்லாமல் பழக்க வேண்டிய இடத்தில் இந்தக் கருவி விலைக்கு மேல் பயன் தரும். அமெரிக்காவின் வால்மார்ட் 2018இல் ஊழியர் பயிற்சிக்காகத் தன் கடைகளுக்கு 17,000 ஹெட்செட்டுகளை அனுப்ப முடிவு செய்தது. அவர்கள் தேர்ந்தெடுத்தது ஏறத்தாழ 200 டாலர் விலையுள்ள ஓக்குலஸ் கோ. கட்டட வடிவமைப்பாளர், அறுவைப் பயிற்சி பெறும் மருத்துவர், மென்பொருள் எழுதிப் பிழைப்பவர் ஆகியோருக்கு இது தொழிற்கருவி. செலவைத் தொழில் திருப்பித் தரும். பாசிர் கூடாங் தொழிற்சாலைகளிலும் தொழிற்கல்விக் கூடங்களிலும் ஒரே கருவியை ஐம்பது பேர் மாறிமாறிப் பயன்படுத்தினால் தலைக்கு விழும் செலவு சிறிது. வீட்டிலேயே முடங்கிய முதியவருக்கோ, நடமாட இயலாதவருக்கோ உலகைக் காட்டும் சாளரமாகவும் அமையலாம். அவர்களுக்கும் விலை குறைந்த கருவியே போதும்.

ஆகவே வாங்க நினைப்பவர்கள் முதலில் ஒரு கடையிலோ விளையாட்டுக் கூடத்திலோ அரை மணி நேரம் அணிந்து பாருங்கள். தலை சுற்றுகிறதா என்று தெரிந்துவிடும். அடுத்து, வாரம் எத்தனை மணி நேரம், எதற்காக என்று ஒரு தாளில் எழுதுங்கள். எழுத எதுவும் வராவிட்டால் பதில் கிடைத்துவிட்டது. விளையாட்டும் உடற்பயிற்சியும் என்று வந்தால் விலை குறைந்த கருவி ஒன்று போதும், அதையும் உள்நாட்டு இரசீதும் உத்தரவாதமும் தரும் கடையில் வாங்குங்கள். நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் இளைஞர் மன்றங்களும் நல்ல கருவிகளைப் பொதுவில் வாங்கி வைத்து, ஆர்வமுள்ளவர்களுக்கு முறைவைத்துக் கொடுக்கட்டும். நம் பிள்ளைகள் இந்தத் தொழில்நுட்பத்தை அறிந்திருக்க வேண்டும், நாளை அதில் தமிழில் படைக்கவும் வேண்டும். அதற்குத் தேவை பழகும் வாய்ப்பு. அந்த வாய்ப்பைப் பொதுநிறுவனங்களிடம் கேட்டுப் பெறுவோம். மூன்று மாத வருமானத்தை ஒரு பெட்டிக்குள் முடக்க வேண்டாம்.