அறுபதிலும் அரிச்சுவடி

முதியோருக்கு எழுத்தறிவு என்று பேச்செடுத்தால் எமது கிராமங்களில் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: "இந்த வயதில் படித்து என்ன உத்தியோகமா பார்க்கப் போகிறார்கள்?" இப்படிக் கேட்பவர்களில் படித்தவர்களும் உள்ளனர்; அபிவிருத்தி வேலை செய்பவர்களும் உள்ளனர். சில வேளைகளில் அந்த முதியவர்களே இவ்வாறு கேட்டுச் சிரித்துவிட்டு எழுந்து போகின்றனர். வாகரைப் பிரதேசத்தைப் பொறுத்தவரை இக்கேள்விக்கு நாம் பொறுப்பாகப் பதில் சொல்ல வேண்டியுள்ளது.

ஏன் எழுத்து எட்டவில்லை?

இலங்கையில் இலவசக் கல்வி 1945 இல் வந்தது. சட்டம் வந்த வேகத்தில் பாடசாலை வரவில்லை. பனிச்சங்கேணியிலிருந்து கதிரவெளி தாண்டி வெருகல் வரை, கடலுக்கும் களப்புக்கும் காட்டுக்கும் இடையே சிதறிக் கிடந்த சிற்றூர்களில் ஆண்பிள்ளை தகப்பனோடு தோணிக்கும் சேனைக்கும் தேனெடுக்கவும் போனான். பெண்பிள்ளை தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டு வீட்டில் நின்றாள். கரையோர வேடர் சமூகத்துக் குடும்பங்களுக்குப் பாடசாலை இன்னும் தூரமாகவே இருந்தது.

பிறகு வந்தது யுத்தம். இன்று ஐம்பதைத் தாண்டி நிற்பவர்கள் 1985 இலும் 1990 இலும் பாடசாலைப் பிள்ளைகள். புத்தகப் பையைவிட உடுபுடவைப் பொட்டலத்தையே அதிகம் சுமந்த பிள்ளைகள் அவர்கள். 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தது. 2006 இன் பிற்பகுதியிலிருந்து 2007 ஜனவரி வரை மீண்டும் ஊரே எழுந்து ஓடியது. ஆகவே, இவர்கள் எழுத்தறியாதிருப்பது இவர்களுடைய சோம்பலால் வந்ததன்று. சமூகம் கொடுக்கத் தவறிய ஒன்றைப் பிந்தியேனும் கொடுப்பது தருமம் செய்வதாகாது, கடனைத் தீர்ப்பதாகும்.

கைநாட்டின் விலை

பிரதேச செயலகத்திலும் வங்கியிலும் வரிசையில் நின்று, பலர் பார்க்கப் பெருவிரலை மையில் அழுத்தும் பெண்ணின் முகத்தை நாம் கண்டிருக்கிறோம். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத தாளில் அடையாளம் இடுகிறாள். காணி உறுதிகளை வெள்ளத்திலும் ஓட்டத்திலும் இழந்து, மறுபடி படிவங்களை நிரப்ப வேண்டியிருந்த மக்களுக்கு இது சிறு விடயமல்ல.

"இப்போது கைத்தொலைபேசி இருக்கிறதே, பேசினால் போதாதா?" என்று கேட்கலாம். மத்திய கிழக்கிலிருந்து மகள் பேசுவதைக் கேட்க எழுத்துத் தேவையில்லைதான். ஆனால் அவள் அனுப்பிய பணம் வந்ததாக வங்கி அனுப்பும் செய்தியை வாசிக்க அயல்வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அந்தக் கணமே வீட்டின் வரவு செலவு ஊரின் பேச்சாகிறது. கிளினிக்கில் தந்த மருந்துப் பையின் மேல் காலையா மாலையா என்று எழுதியிருப்பதும் அவ்வாறே. பிறர் தயவின்றி இவற்றை அறிவது ஒரு மனிதரின் மானத்தோடு சம்பந்தப்பட்டது.

இதைவிடப் பெரிய நோய் தனிமை. பிள்ளைகள் வெளிநாட்டிலும் கொழும்பிலும்; பேரப்பிள்ளைகள் பாடசாலையிலும் ரியூசனிலும். பகல் முழுவதும் வாசலைப் பார்த்தபடி இருக்கும் பெத்தாமார் எத்தனை பேர்! வாரத்தில் மூன்று நாள் ஓரிடத்தில் கூடி, ஒருவர் கொப்பியை ஒருவர் எட்டிப்பார்த்துச் சிரிப்பது எந்தக் குளிசையும் தராத சுகத்தைத் தரும்.

ஏடு எமக்குப் புதியதன்று

மட்டக்களப்பு மண்ணில் எழுத்து ஒருபோதும் தனியாள் சொத்தாக இருக்கவில்லை. கூத்துக் களரியைப் பாருங்கள். அண்ணாவியார் ஏட்டைப் பார்த்துச் சொல்லிக்கொடுக்க, எழுத்தறியாத தோணிக்காரரும் கமக்காரரும் நூற்றுக்கணக்கான பாடல்களைப் பாடமாக்கி விடியவிடிய ஆடினர். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் ஒருவர் வழக்குரை படிக்க ஊர் கூடியிருந்து கேட்கிறது. ஒருவர் வாசிக்கப் பலர் கேட்பதும், கேட்டதைப் பற்றிக் கதைப்பதும் எமது வழக்கம். முதியோர் வகுப்பு இந்த வழக்கத்தின் மேல் கட்டப்பட வேண்டும். பாலர் வாங்கில் முதியவரை இருத்தி அதட்டிப் படிப்பிக்கும் வகுப்பு இரண்டாவது கிழமையிலேயே வெறுமையாகிவிடும்.

பிற இடங்களின் பாடம்

தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991 இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் கல்லுடைக்கும் பெண்களும் கூலிப் பெண்களும் எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் கற்றனர். கூட்டமாகத் துணிந்ததால் ஊரின் கேலி அவர்களைத் தடுக்கவில்லை. அதே ஆண்டு ஏப்ரல் 18 இல் கேரளம் முழு எழுத்தறிவு பெற்றதாகக் கோழிக்கோட்டில் அறிவித்தவர், பிந்திய வயதில் எழுத்துக் கற்ற செலக்கோடன் ஆயிஷா. அங்கேயே 2018 இல், 96 வயதான கார்த்தியாயினி அம்மா எழுத்தறிவுப் பரீட்சையில் 100 க்கு 98 புள்ளி பெற்றார். கென்யாவில் 2004 இல், 84 வயதில் முதலாம் வகுப்பில் சேர்ந்த கிமானி மருகே கூறிய காரணங்களுள் ஒன்று, வேதாகமத்தைத் தானே வாசிக்க வேண்டும் என்பது. இவர்களில் யாரும் உத்தியோகம் தேடிப் படிக்கவில்லை.

என்ன செய்யலாம்?

1. புத்தகத்துக்கு முன் மூக்குக்கண்ணாடி. "மூளையில் ஏறவில்லை" என்று விலகுபவர்களில் பலருக்குக் கண்தான் தெரிவதில்லை. வகுப்பு தொடங்குமுன் கண் பரிசோதனை நடத்த வேண்டும். எழுத்துகள் பெரிதாக இருக்க வேண்டும்.

2. நேரத்தை அவர்களே தீர்மானிக்கட்டும். மீன் விற்று, சமைத்து முடிந்த பிற்பகலே பெண்களுக்கு ஏற்றது. கோயில் மடமோ, பங்கு மண்டபமோ, மரநிழலோ போதும்.

3. முதற் பாடம் அவரவர் பெயராகவும் ஊராகவும் தொழிலாகவும் இருக்கட்டும். தோணி, வலை, இறால், தேன் ஆகிய சொற்களிலிருந்து எழுத்துக்குப் போவது இலகு.

4. அவர்கள் சொல்ல, இளைஞர் எழுதட்டும். காற்றின் குறி, மூலிகை, காட்டு வழி, தாலாட்டு, இடம்பெயர்ந்த கதை யாவும் அந்தத் தலைகளுக்குள்தான் இருக்கின்றன. எழுதியதைக் கூட்டத்தில் திரும்ப வாசித்தால் அதுவே அவர்களுடைய இரண்டாம் பாடநூல். இங்கே முதியவர் மாணவர் மாத்திரமல்லர், ஆசிரியருமாவார்.

5. படித்தபின் வாசிக்க ஏதும் இல்லாவிடில் எழுத்து மறந்துபோகும். ஆகவே வாசிகசாலையில் பெரிய எழுத்துப் புத்தகங்களும், கிழமைக்கொரு பத்திரிகை வாசிப்பும் வேண்டும்.

இதற்குப் புதிய நிறுவனம் தேவையில்லை. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் பின்னர் கிராமந்தோறும் முதியோர் சங்கங்கள் அமைக்கப்பட்டன. கல்வித் திணைக்களத்தில் முறைசாராக் கல்விப் பிரிவு உண்டு. உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இம்மூன்றையும் ஒரு பாயில் இருத்துவதே எமது வேலை.

முதியோர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் ஆண்டு விழாவும் அன்பளிப்புப் பொதியும் பேசி முடிந்தபின், இதையும் ஒரு விடயமாக எடுங்கள். பத்துப் பேர் வந்தால் போதும், தொடங்கலாம். காலம் அவர்களுக்காகக் காத்திருக்காது.